தேய்ந்த குஷனும் தேயாத சிக்கனமும்

உறக்கத்தில் மூச்சு அறுந்தறுந்து மீளும் நோயை ஸ்லீப் ஆப்னியா என்கிறார்கள். தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை அடைபடும்போதெல்லாம் மூளை திடுக்கிட்டு உடலை எழுப்பிவிடுகிறது. காலையில் அதன் நினைவே இருப்பதில்லை. மூக்கின் வழியே சீரான அழுத்தத்தில் காற்றைச் செலுத்தினால் அப்பாதை அடைபடாது என்பதை, சிட்னி மருத்துவர் காலின் சல்லிவன் 1981-இல் உலகுக்கு அறிவித்தார். அவ்வழி வந்த சிபேப் கருவியின் தயவில்தான் நாம் ஐந்தாண்டுகளாக உறங்கி வருகிறோம்.

சென்ற ஆண்டு ஒரு பிற்பகல் வகுப்பில், பாடம் நடத்திக்கொண்டிருக்கையிலேயே நமக்குக் கண் செருகிவிட்டது. மாணவர் எவரும் சிரிக்கவில்லை. முன்வரிசை மாணவி ஒருவர் எழுந்து வந்து, தண்ணீர்ப் புட்டியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அன்று மாலை இருசக்கர வண்டியை எடுக்கவே அஞ்சினோம். "மாஸ்க்கை மாட்டிக்கிட்டேதான் பத்து நாளாக் குறட்டை விடுறீங்க" என்றார் மனைவி.

கருவி பழுதாகிவிட்டது என்றெண்ணி மருத்துவரிடம் தூக்கிச் சென்றோம். அவர் அதன் பதிவுகளைப் பார்த்தார். கருவியில் குறையேதுமில்லை, முகமூடியில்தான் காற்றுக் கசிவு. உள்ளங்கையில் அடங்கிவிடும் சிலிகோன் குஷன் மஞ்சள் பாரித்து, விளிம்பு துவண்டு கிடந்தது. முகத்தின் எண்ணெயும் வியர்வையும் நாளடைவில் செய்த வேலை அது. கசிவை உணர்ந்தபோதெல்லாம் நாம் பட்டையை இறுக்கினோமேயன்றிக் குஷனை நோக்கவில்லை. இறுக்க இறுக்க மூக்குத்தண்டில் புண் வந்தது, பட்டையும் இழுவை இழந்தது, கசிவோ குறையவில்லை.

பிழை நம்முடையதே. எப்பொருளையும் கிழியும்வரை பயன்படுத்துவதை அறமாகக் கொண்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் இக்குஷன் கிழிவதற்கு வெகுமுன்பே பயனற்றுப் போகிறது. பல்லாயிரம் ரூபாய் கொடுத்துக் கருவி வாங்கிய நாம், அதன் பயனையெல்லாம் ஒரு சிறு விளிம்பின் வழியே கசியவிட்டோம். அச்சிக்கனத்தின் விலையை நம் இதயமும் இரத்த அழுத்தமும் கொடுக்க நேரும்.

அதற்காக எதையுமே செப்பனிடலாகாது என்று சொல்லவரவில்லை. வெல்க்ரோ பிடிப்பு போன பட்டையைத் தையற்காரரிடம் கொடுத்துச் சரிசெய்துகொள்ளலாம். குஷனை நாள்தோறும் மென்மையான சோப்பு நீரில் கழுவி நிழலில் உலர்த்தினால் அதன் ஆயுள் நீளும். கீறிய குஷனைப் பசைபோட்டு ஒட்டுவது மட்டும் ஆகாது. முகமூடியின் சிறு துளைகளை அடைப்பது அதனினும் கேடு. நாம் விடும் கரியமில வாயு வெளியேறுவது அவற்றின் வழியேதான்.

சிக்கல் கடையில்தான் தொடங்குகிறது. குஷன் மட்டும் கேட்டோம். முழு முகமூடியாகத்தான் கிடைக்கும் என்றார்கள். அமெரிக்காவின் மெடிகேர் காப்பீடு, மூக்குக் குஷனை மாதம் இருமுறை வரையிலும் தலைப்பட்டையை ஆறு மாதத்திற்கு ஒருமுறையும் மாற்றிக்கொள்ள இடமளிக்கிறது. நமக்கு அத்தனை தாராளம் வேண்டியதில்லை. தேய்ந்த உறுப்பைத் தேய்ந்தபோது தனியே வாங்க வழியிருந்தால் போதும். இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுநீக்கும் உரிமைக்கெனக் குழு அமைத்தபோது வேளாண் கருவி, கைப்பேசி, வீட்டு உபயோகப் பொருள், வாகனம் ஆகிய நான்கு துறைகளையே தேர்ந்தது. டிராக்டருக்கும் கைப்பேசிக்கும் உரிய நியாயம் மூச்சுக்கும் உரியதன்றோ? கருவியை விற்பவர் அதன் குஷன், கிளிப், பட்டை ஆகியவற்றைத் தனித்தனியே, விலை குறித்து விற்கக் கடமைப்பட்டவர் என்று விதி செய்தல் வேண்டும். கருவியைப் பரிந்துரைக்கும் மருத்துவரும், குஷனை எப்போது சோதிக்க வேண்டும் என்பதைச் சீட்டிலேயே எழுதித் தரலாம்.

நாம் ஒருவழியாக வேறு ஊரிலிருந்து குஷனைத் தருவித்தோம். மாட்டிய நாளை இப்போது நாட்காட்டியில் குறித்து வைக்கிறோம். நண்பர்கள் தம் வீட்டுப் பெரியவர் எவரேனும் இக்கருவி அணிபவராயின், இன்றிரவு அவரது குஷனின் விளிம்பை ஒருமுறை விரலால் தடவிப் பார்க்கட்டும். அவர் பட்டையை மேலும் இறுக்கச் சொன்னால், அதுவே மாற்றுதற்கான அறிகுறி.