இஸ்தோப்பில் உட்கார வைக்காதீர்கள்

எங்கள் றொசல்லப் பக்கத் தோட்டங்களில் ஒருவருக்கு 'இழுப்பு' என்று தெரிந்துவிட்டால் வீடே காவலுக்கு நிற்கும். தண்ணி தூக்காதே, படி ஏறாதே, சும்மா இரு. முப்பது வருடம் கொழுந்துக் கூடை சுமந்த என் அப்பாயியையும் அப்படித்தான் இஸ்தோப்பில் உட்கார வைத்தோம். இரண்டே வருடத்தில் கெண்டைக்கால் வற்றிப்போய், பீலிக்குப் போகவே சுவரைப் பிடித்தார். நோய் முற்றிவிட்டது என்றோம். பாதி எங்கள் கைவேலை.

அவர் சுருட்டுப் பிடித்தவர் அல்ல. புகைபோக்கி இல்லாத காம்பராவில் விறகடுப்போடு கிடந்தவர். அவருக்கு இருந்தது சிஓபிடி என்ற நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். இதில் சுருங்கிய மூச்சுக்குழாய் பழையபடி விரியாதுதான். ஆனால் கால் என்ன பாவம் செய்தது? பழக்கம் விட்ட தசை அதே வேலைக்குக் கூடுதல் காற்றைக் கேட்கும். மூச்சு வாங்கும். பயந்து இன்னும் உட்காருவார், தசை இன்னும் வற்றும். ஓய்வு என்று நாம் கொடுப்பது இதைத்தான். இந்தச் சுழலை உடைக்க மேற்பார்வையோடு உடற்பயிற்சி வேண்டும்.

"மலை ஏறி இறங்கினவளுக்கு என்னத்துக்கு எக்சசைஸ்?" என்பார்கள். ஏறியது அன்று, இன்று உட்கார வைத்தது யார்?

பயிற்சிக்கு வாரம் இரண்டு தடவை ஹற்றனுக்கோ டிக்கோயாவுக்கோ போ என்றால் பஸ் காசு, கூட வருபவரின் ஒரு நாள் பேர், றோட்டு வரைக்கும் மேடு. அதனால்தான் போன் வழியாகப் பயிற்சி வேண்டும் என்கிறேன். மருத்துவ ஆய்வுகளைத் தொகுக்கும் கொக்ரேன் அமைப்பின் 2021 மீளாய்வு, 1904 பேர் பங்குகொண்ட 15 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. தொலைவிலிருந்து நடத்திய பயிற்சியின் பலன், நேரில் போனவர்கள் பெற்றதற்கு ஏறக்குறைய சமம். முழுதாக முடித்தவர்கள் 93 வீதம். நேரில் போனவர்களில் 70. அந்த ஆய்வுகள் எங்கள் லயங்களில் நடந்தவை அல்ல, சரி. ஆனால் எங்கள் மேடு அவர்களுக்கு இருந்ததா?

பயிற்சிக்கு முன் உடல் எவ்வளவு தாங்கும் என்று அளக்க வேண்டும். ஆறு நிமிட நடைச் சோதனைக்கு முப்பது மீற்றர் சமதரை வேண்டும். லயத்தில் எங்கே போவது? ஒரு நிமிடம் எழுந்து உட்காரும் சோதனைக்குக் கதிரை ஒன்று போதும். போனை அரிசிப் பெட்டியில் சாய்த்துவைத்தால் மறுமுனையில் பயிற்சி தருபவர் எண்ணுவார். எழும்பும்போது உதட்டைக் குவித்து ஊத வேண்டும். அடுப்பு ஊதுகிற வேகம் கூடாது. விளக்குச் சுடர் ஆடணும், அணையக்கூடாது.

முதலில் டொக்டர் பார்க்கட்டும். நெஞ்சு வலித்தாலோ, விரலில் மாட்டி ஒக்சிசன் பார்க்கும் கருவி 88 வீதத்துக்குக் கீழே காட்டினாலோ நிறுத்தட்டும். மற்றபடி மூச்சு கொஞ்சம் வாங்கத்தான் வேண்டும். தோட்டத்து டிஸ்பென்சரியில் அந்தக் கருவி ஒன்றும் போன் ஒன்றும் வைத்து, வாரம் இரண்டு நாள் அரைமணி நேரம் ஒதுக்க முடியாதா? அடுத்த தடவை இழுப்புக்குப் பம்ப் வாங்கப் போகும்போது கேளுங்கள்.