ஆடாதோடையும் ஆறாத இருமலும்

ஜவ்வாது மலை ஊர்களிலிருந்து இருமலுடன் வருவோரிடம், ‘இதுவரை என்ன மருந்து உட்கொண்டீர்கள்?’ என்று கேட்டால், ‘ஒன்றுமில்லை’ என்பதே பெரும்பாலும் முதல் விடையாக இருக்கும். சற்று நேரம் கழித்து, உடன் வந்த பாட்டி தயங்கியபடி, ‘ஆடாதோடைக் கஷாயம் மட்டும் கொடுத்தோம்’ என்பார். இந்தத் தயக்கத்திற்கு மருத்துவர்களாகிய நாங்களும் காரணம். கஷாயம் என்ற சொல்லைக் கேட்டவுடன் முகம் சுளித்திருக்கிறோம்.

முகம் சுளிக்க நியாயமில்லை. ஆடு தொடாத இலை என்பதால் இப்பெயர் வந்தது என்பர். வேலியோரம் அதை நட்டதும் அதனால்தான். அவ்விலையிலுள்ள வாசிசின் என்னும் பொருளை முன்மாதிரியாகக் கொண்டே புரோம்ஹெக்சின் என்ற மருந்து உருவாக்கப்பட்டது. அது உடலுக்குள் மாறும்போது கிடைப்பது அம்ப்ராக்சால். மருந்துக்கடையில் விற்கும் இருமல் மருந்துகள் பலவற்றில் இவ்விரண்டில் ஒன்று இருக்கும். சளியை இளக்குவது இவற்றின் வேலை. பாட்டியின் கஷாயமும் அதற்காகவே கொடுக்கப்பட்டது.

ஆனால் சளியை இளக்குவது வேறு, காசநோய்க் கிருமியைக் கொல்வது வேறு. கஷாயத்தால் இருமல் சற்றுத் தணிய, ‘குணமாகி வருகிறது’ என்று ஒரு மாதம் கழிந்துவிடுகிறது. அதற்குள் ஒரே அறையில் உறங்கும் பிள்ளைகளுக்கும் கிருமி பரவக்கூடும். மலையிலிருந்து இறங்கி வர ஒரு நாள் கூலி போகும் என்பதை அறிவேன். கஷாயமோ வேலியோரத்திலேயே இருக்கிறது. ஆகவே அதை நிறுத்தச் சொல்லவில்லை. அதை மட்டுமே நம்பிக் காத்திருப்பதைத்தான் மறுக்கிறேன். இரண்டு வாரம் கடந்தும் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை அவசியம். மாலைக் காய்ச்சல், எடைக்குறைவு, சளியில் இரத்தம் ஆகியவை தென்பட்டால் அந்த இரண்டு வாரமும் காத்திருக்கலாகாது. அரசு மருத்துவமனைகளில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். சிகிச்சை பெரும்பாலும் 6 மாதம் நீளும். அக்காலத்தில் சத்துணவுக்கென மாதம் 1,000 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்கில் சேரும்.

கருவுற்ற பெண்கள் மட்டும் ஆடாதோடையை அறவே தவிர்க்க வேண்டும். வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குக் கஷாயத்துடன் தேன் குழைத்துத் தருவதும் ஆபத்து, அது மலைத்தேனாகவே இருப்பினும்.

மருத்துவர் கேட்க மறந்தாலும் நீங்களே சொல்லுங்கள்: எந்த இலை, எத்தனை நாள், எத்தனை வேளை. பெயர் தெரியாத இலையாயின் ஒரு கொத்தைக் கையோடு கொண்டு வாருங்கள்.