விசாகப்பட்டினம், நகர்நார் உருக்காலைகளைச் செயிலுடன் இணைக்கக் கோரும் மனு

அனுப்புநர்: தலைவர், செயலாளர், உருக்குத் தொழிலாளர் சங்கம், ஹைதராபாத்.

பெறுநர்: செயலாளர், எஃகு அமைச்சகம், புது தில்லி.

நகல்: தலைவர் மற்றும் மேலாண்மை இயக்குநர், என்.எம்.டி.சி., ஹைதராபாத்.

பொருள்: அரசு உருக்காலைகளை இணைத்தலும் தாது ஒதுக்கீடும் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

சீனா 2024-இல் 10 கோடி டன்னுக்கு மேல் எஃகு ஏற்றுமதி செய்ததால் உலகச் சந்தையில் விலை சரிந்தது. 2025 ஏப்ரலில் அரசு விதித்த 12 விழுக்காடு தற்காலிகப் பாதுகாப்பு வரி வெளிச்சரக்கைத் தடுக்க முயன்றதே தவிர, இங்குள்ள ஆலையின் உற்பத்திச் செலவைக் குறைக்கவில்லை. விசாகப்பட்டினம் உருக்காலையின் நலிவுக்கு வேர் அந்தச் செலவில் இருக்கிறது. ஆண்டுக்கு 73 லட்சம் டன் திறன் இருந்தும் அதற்குச் சொந்த இரும்புத்தாதுச் சுரங்கம் இல்லை; பைலடிலா சுரங்கத் தாதுவை அரசுச் சுரங்க நிறுவனமான என்.எம்.டி.சி.யிடம் விலைக்கு வாங்குகிறது. 2022-இல் என்.எம்.டி.சி.யிலிருந்து பிரிக்கப்பட்ட 30 லட்சம் டன் நகர்நார் ஆலையும் சுரங்கத்தை விட்டு விலகி நிற்கிறது. அரசு உருக்கு நிறுவனமான செயிலுக்கோ சொந்தச் சுரங்கங்கள் உண்டு. இந்த நிறுவனங்கள் அனைத்திலும் பெரும்பங்கு மத்திய அரசுடையது. ஆயினும் ஒன்றின் தாது வருமானம் மற்றொன்றின் நட்டக் கணக்கில் ஏறுகிறது. கம்பி வகைகளை விசாகப்பட்டினமும் சுருள் தகட்டை நகர்நாரும் தயாரிக்க, இரண்டையும் விற்கும் செயில் இரண்டுக்கும் போட்டியாக நிற்கிறது. விசாகப்பட்டினம் ஆலைக்கு 2025 ஜனவரியில் ஒப்புதல் பெற்ற 11,440 கோடி ரூபாய் உதவி கடன் நெருக்கடிக்கு மருந்து. தாதுச் செலவோ ஆண்டுதோறும் திரும்பி வரும்.

நலிந்த ஆலையைச் சுமந்தால் செயிலும் நலியும் என்ற அச்சம் நியாயமானதே. நலிவுற்றிருந்த பர்ன்பூர் இஸ்கோ உருக்காலை 2006-இல் செயிலுடன் இணைந்தபோதும் அந்த அச்சம் பொருந்தியது. ஆனால் அங்கே 25 லட்சம் டன் புதிய ஆலை எழுந்தது. இஸ்கோ தன் சுரங்கங்களோடு வந்தது என்பதையும் மறைக்கவில்லை. விசாகப்பட்டினம் வெறுங்கையோடு வரும். ஆகவே தாது இல்லாத இணைப்பு நட்டத்தை இடம் மாற்றும், தீர்க்காது. ஏகபோகம் உருவாகும் என்பதற்கும் இடமில்லை: மூன்றும் சேர்ந்தால் ஏறத்தாழ 3 கோடி டன், நாட்டின் மொத்தத் திறனோ 20 கோடி டன்னுக்கு மேல். போட்டி நிறுவனங்கள் இணைவதும் புதிதல்ல: ஜப்பானில் யவாத்தா, ஃபூஜி என்ற இரு போட்டி நிறுவனங்கள் 1970-இல் ஒன்றாகி நிப்பான் ஸ்டீல் ஆயின.

எனவே கோருகிறோம்:

1. விசாகப்பட்டினம் ஆலை குறித்து 2021 ஜனவரியில் எடுத்த பங்கு விற்பனை முடிவை முறைப்படி ரத்து செய்க.
2. பைலடிலா சுரங்கம் ஒன்றின் தாதுவை உற்பத்திச் செலவு விலையில் இரு ஆலைகளுக்கும் நீண்டகாலத்துக்கு ஒதுக்குக.
3. அந்த ஒதுக்கீடு உறுதியான பின், இரு ஆலைகளையும் செயிலுடன் இணைக்கக் கால அட்டவணை வெளியிடுக.
4. ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட எவரும் இணைப்பின் பெயரால் வேலையிழக்காதிருக்க எழுத்துப்பூர்வ உறுதி தருக.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர்