டி டிரைவ் எங்கே மச்சி?

போன வாரம் என் ரூம்மேட்டோட லேப்டாப்புக்கு ஒரு ஆபரேஷன் நடந்தது. டாக்டர், நர்ஸ், கம்பவுண்டர் எல்லாம் அடியேன்தான்.

நோய் வேற ஒண்ணுமில்லை, வயசு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுபோச்சு. விண்டோஸ் 11 போடணும்னா டி.பி.எம். 2.0 வேணும், புராசஸரும் அவங்க லிஸ்ட்ல இருக்கணும். இவனோடது அண்ணன் படிச்ச காலத்து மெஷின். ரெண்டும் கிடையாது. புதுசு கேட்கலாம்தான். ஆனா வீட்டுல அம்மா சம்பளம் மட்டும்தான். தங்கச்சிக்கும் இந்த வருஷம் காலேஜ் ஃபீஸ். கேட்கவே மாட்டேன்னுட்டான்.

"லினக்ஸ் போட்டுப் பார்ப்போமாடா?"ன்னேன். 1991-ல ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவரா இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் பொழுதுபோக்கா ஆரம்பிச்சது. அப்ப அவருக்கு 21 வயசு. அதே வயசுல நாம அரியர் ஃபீஸ் கட்டிக்கிட்டு இருக்கோம், விடுங்க.

லினக்ஸ் மின்ட்டை இறக்கி, 8 ஜி.பி. பென் டிரைவ்ல ஏத்தினோம். சும்மா காப்பி பண்ணினா வேலைக்காகாது. ரூஃபஸ் மாதிரி ஒரு சாஃப்ட்வேர் வேணும். பென் டிரைவ்ல ஏற்கெனவே இருக்குறதை அது சுத்தமா அழிச்சுடும், ஜாக்கிரதை. ஆனா ஒரு சூப்பர் வசதி, இன்ஸ்டால் பண்ணாமலே பென் டிரைவ்ல இருந்து ஓட்டிப் பார்க்கலாம். ஜவுளிக் கடையில சட்டையைப் போட்டுப் பார்க்குற மாதிரி. வைஃபை ஓகே. ஸ்பீக்கர் ஓகே. கேமரா ஓகே. லேப் புரோகிராமை ஓட்டினான், 'conio.h'-ஐக் காணோம்னு கம்பைலர் கையை விரிச்சிடுச்சு. அது பழைய டர்போ சி-யோட சரக்கு, இங்கே கிடையாது. அந்த வரியையும் கிளியர் ஸ்கிரீன் வரியையும் தூக்கினதும் ஓடிச்சு.

அடுத்து இன்ஸ்டால். விண்டோஸ் பக்கத்துலேயே போடுற ஆப்ஷனும் உண்டு. ஆனா இவன் டிஸ்க்ல இடமில்லை. 'எரேஸ் டிஸ்க்'னு இருந்ததைக் காட்டி, "தைரியமா அமுக்கு, சி டிரைவ்தான் போகும். டி அப்படியே இருக்கும்"னேன். சர்வீஸ் கடை அண்ணன்கள் அப்படித்தானே சொல்லுவாங்க!

அவன் அமுக்கலை. திரையையே பார்த்துட்டு, "டி டிரைவ் எங்கே மச்சி?"ன்னான்.

எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. சி, டி எல்லாம் விண்டோஸ் வச்ச பேரு. லினக்ஸ்ல எஸ்.டி.ஏ.1, எஸ்.டி.ஏ.2-ன்னு இருக்கும். அவன் மெஷின்ல இருந்தது ஒரே டிஸ்க். நடுவுல தடுப்பு போட்டு ரெண்டு ரூமா ஆக்கியிருக்காங்க. டிஸ்கையே அழின்னா ரெண்டு ரூமும் காலி. கடை அண்ணன் அழிக்கிறது ஒரு ரூமை மட்டும்.

டி-ல என்னடா இருக்குன்னு கேட்டேன். அண்ணன் கல்யாண வீடியோவாம். மண்டபத்துல அவங்க அப்பா டான்ஸ் ஆடுறது அதுல மட்டும்தான் இருக்கு. அப்பா இப்ப இல்லை. வேற காப்பியும் இல்லை.

மூணாவது மாடி சீனியர் அண்ணாகிட்ட கெஞ்சி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் காப்பி பண்ணினோம். ஒவ்வொரு ஃபைலாத் திறந்து பார்த்தப்புறம்தான் அந்த பட்டனை அமுக்கினான். அதுவும் என்னை நாலடி தள்ளி நிக்கச் சொல்லிட்டு.

இன்ஸ்டால் இருபது நிமிஷத்துல முடிஞ்சுது. முதல்ல ஓட்டினது அந்த வீடியோதான். ரூம்ல மத்தவங்க தூங்குறாங்களேன்னு ஹெட்போனை மாட்டினான், சத்தம் வரலை. ஸ்பீக்கரை டெஸ்ட் பண்ணினோமே தவிர ஹெட்போனை மறந்துட்டோம். இன்னிக்கு சாயங்காலம் அதைச் சரி பண்ணணும். தள்ளி நின்னுதான்.