சட்டை போர்டோடது, பேட் யாரோடது?

2025 அக்டோபர் 25, சிட்னி ஒருநாள் மேட்ச் பார்த்திருப்பீங்க. ரோகித் 121 நாட் அவுட், கோலி 74 நாட் அவுட். எல்லாரும் அந்த ரெண்டு பெரிசுங்களும் திரும்ப வந்துட்டாங்கன்னு கண்ணு கலங்கிட்டு இருந்தப்ப, நான் வேற ஒண்ணைப் பார்த்துச் சிரிச்சுட்டு இருந்தேன். ரெண்டு பேர் நெஞ்சுலயும் அப்பல்லோ டயர்ஸ். ரோகித் பேட்ல சியட். கோலி பேட்ல எம்.ஆர்.எஃப். மூணுமே டயர் கம்பெனி! நம்ம ஊர் டயர் கடை போர்டுல கூட மூணு பேரையும் இவ்வளவு பக்கத்துல பக்கத்துல எழுத மாட்டாங்க.

ஆனா பாருங்க, வானம் இடிஞ்சு விழல. அப்பல்லோ கோர்ட்டுக்குப் போகல, எம்.ஆர்.எஃப். கோவிச்சுக்கல. சட்டை போர்டோட இடம், பேட் ஆட்டக்காரனோட இடம். அவங்கவங்க இடத்தை அவங்கவங்க வாடகைக்கு விட்டாங்க, அவ்வளவுதான். இந்தச் சின்ன விஷயம் புரியாமத்தான் 2002-ல ஒரு பெரிய கூத்தே நடந்துச்சு. அப்ப நான் டவுசர் போட்ட பையன், ஒண்ணும் தெரியாது. பிற்பாடு படிக்கப் படிக்கத்தான் இப்படியெல்லாமான்னு இருந்துச்சு.

கதை இதுதான். 2000-ல ஐ.சி.சி. தன்னோட போட்டிகளுக்கான வியாபார உரிமை மொத்தத்தையும் குளோபல் கிரிக்கெட் கார்ப்பரேஷன்னு ஒரு கம்பெனிக்கு 550 மில்லியன் டாலருக்கு வித்துருச்சு. 2007 வரைக்கும். அவங்க அதைப் பிரிச்சு எல்.ஜி., பெப்சி, ஹீரோ ஹோண்டா, சவுத் ஆப்பிரிக்கன் ஏர்வேஸ்னு நாலு பேருக்குக் கொடுத்தாங்க. இவ்வளவு காசு கொடுக்குறவன் சும்மா கொடுப்பானா? "எங்க போட்டிக் கம்பெனி விளம்பரத்துல எந்த ஆட்டக்காரனும் வரக்கூடாது. டோர்னமென்ட்டுக்கு 30 நாள் முன்னாடியும் வரக்கூடாது, முடிஞ்சு 30 நாள் வரைக்கும் வரக்கூடாது"ன்னு ஒரு ஷரத்து. நாட்டு போர்டுகள் எல்லாம் கையெழுத்துப் போட்டுருச்சு. நம்ம போர்டும்தான்.

யார்கிட்ட கேட்டுப் போட்டாங்க? அதான் கேள்வியே. டிராவிட், கும்ப்ளே, சேவாக்னு பாதி டீம் ஏற்கெனவே சாம்சங் விளம்பரத்துல இருந்தாங்க. இங்க ஸ்பான்சர் எல்.ஜி. சச்சின் டி.வி.எஸ். விக்டர் ஓட்டிட்டு இருந்தார். இங்க ஸ்பான்சர் ஹீரோ ஹோண்டா. (எங்க சித்தப்பா சச்சின் மூஞ்சியைப் பார்த்துதான் விக்டர் வாங்கினார். இப்பவும் கமுதியில இருந்து முதுகுளத்தூர் வரைக்கும் அதுலதான் போறார், போஸ்டர் பையனை விட வண்டி நல்லா இருக்கும்பார்.) டீம் சட்டையில இருந்த சஹாராவுக்கே சொந்தமா ஒரு விமானக் கம்பெனி இருந்துச்சு, எதிர்ல சவுத் ஆப்பிரிக்கன் ஏர்வேஸ். எங்க தொட்டாலும் முடிச்சு.

மத்த நாட்டு ஆட்டக்காரங்களும் முணுமுணுத்தாங்க, அப்புறம் போட்டுக் கொடுத்துட்டாங்க. நம்மாளுங்களுக்கு விளம்பரக் காசு ரொம்பப் பெருசு, அதனால நின்னாங்க. காசுக்காகத்தான் நின்னாங்க, தியாகம்னெல்லாம் நான் சொல்ல வரல. ஆனா காசுக்காக நிக்கிறதுலயும் நியாயம் இருக்கும்ல? அப்ப பேப்பர்ல, டீக்கடையில எல்லாம் "நாட்டுக்காக ஆடச் சொன்னா கோலாவுக்காக ஆடுறானுங்க"ன்னு திட்டினாங்களாம். இதுதான் எனக்கு எரிச்சல். ஐ.சி.சி. 550 மில்லியனுக்கு வித்தா அது நிர்வாகம், ஆட்டக்காரன் ஒரு டிவி கம்பெனிகிட்ட போட்ட ஒப்பந்தத்தை மதிச்சா அது பேராசையா?

கடைசில ஷரத்தைக் கொஞ்சம் தளர்த்தி 2002 செப்டம்பர்ல கொழும்பு சாம்பியன்ஸ் டிராபி ஆடினாங்க. ஃபைனல் ரெண்டு நாளும் மழை, இந்தியாவும் இலங்கையும் கோப்பையைப் பங்கு போட்டுக்கிட்டாங்க. 2003 வேர்ல்டு கப்புக்கு மறுபடி அதே ராமாயணம். திருத்தி, அடிச்சு, மாத்தி எழுதி, ஒருவழியா தென்னாப்பிரிக்கா போய்ச் சேர்ந்தாங்க. ஸ்பான்சர்கள் நஷ்டஈடு கேட்பாங்கன்னு ஐ.சி.சி. நம்ம போர்டுக்குத் தர வேண்டிய பங்கைப் பிடிச்சு வெச்சுக்குச்சு.

அந்த வேர்ல்டு கப்ல கெடுபிடி எந்த அளவுக்குன்னா, செஞ்சூரியன் மைதானத்துல கோக் குடிச்ச பார்வையாளர் ஒருத்தரை வெளிய அனுப்பினாங்க. பெப்சி ஸ்பான்சர் ஆச்சே! டிக்கெட் வாங்கினவன் தொண்டையில இறங்குறதுக்கும் உரிமை வித்தாச்சு போல. இங்க டெல்லி ஹைகோர்ட்லயும் ஒரு கேஸ். ஆடியோ செட் வாங்கினா வேர்ல்டு கப் டிக்கெட் பரிசுன்னு பிலிப்ஸ் விளம்பரம் கொடுக்க, ஐ.சி.சி. தடை கேட்டுச்சு. 2003-ல கோர்ட் தடை கொடுக்கல. ஸ்பான்சர் இல்லாதவன் வேர்ல்டு கப் பேச்சை எடுத்ததாலேயே அவன் ஸ்பான்சர்னு யாரும் ஏமாந்துற மாட்டாங்கங்கிற ரீதியில தீர்ப்பு. ஜனங்க அவ்வளவு முட்டாள் இல்லன்னு ஒரு கோர்ட்டாவது சொல்லுச்சேன்னு எனக்கு ஒரு சந்தோஷம்.

இதெல்லாம் பெரிய இடத்து விவகாரம்னு நெனச்சுடாதீங்க. எங்க ஊர்ப் பக்கம் வந்து பாருங்க. கோடையில கண்மாய் வத்தினதும் கருவேலத்தை வெட்டி ஒதுக்கிட்டு டென்னிஸ் பால் டோர்னமென்ட் ஆரம்பிச்சுருவாங்க. நோட்டீஸ்ல பாதி ஆட்ட விதி, மீதி பாதி அன்பளிப்பாளர் போட்டோ. ஒரு வருஷம் முதல் பரிசு ஒரு ஜவுளிக்கடைக்காரர் உபயம். ஃபைனலுக்கு வந்த டீம் போட்டிருந்த சட்டை அவரோட எதிர்க்கடை எடுத்துக் கொடுத்தது. முதுகுல கொட்டை எழுத்துல கடை பேரு. முன்வரிசை நாற்காலியில உக்காந்திருந்த மனுஷன் எந்திரிச்சுட்டார்.

"அந்தச் சட்டையோட வந்தா நான் கப்பைக் கையால தொட மாட்டேன்."

அந்த டீம் கேப்டன் அசரல. "அண்ணாச்சி, நீங்க தர்றது ஜெயிச்சாத்தான். அவரு தோத்தாலும் சட்டையைத் திருப்பிக் கேக்க மாட்டாரு."

என்ன பதில் சொல்லுவீங்க இதுக்கு? கமிட்டி அண்ணன் ஒருத்தர் யோசிச்சு, "டேய் மாப்ளைகளா, சட்டையைத் திருப்பிப் போட்டுக்கங்கடா"ன்னார். பதினோரு பேரும் தையல் வெளிய தெரிய, உள்பக்கத்தை வெளிய போட்டு ஆடினாங்க. ஜெயிச்சாங்க. கப்பையும் அண்ணாச்சியே கொடுத்தார்.

இதைச் சிரிப்பா நெனச்சுட்டு இருந்த எனக்கு, பின்னாடி 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸ் கதையைப் படிச்சப்ப ஆச்சரியம். அமெரிக்க பாஸ்கெட்பால் டீம் மெடல் வாங்கப் போடுற சட்டை ரீபாக். மைக்கேல் ஜோர்டான் நைக் ஆளு. தேசியக் கொடியைத் தோள்ல போர்த்தி ரீபாக் லோகோவை மறைச்சுட்டு மேடை ஏறினார். கண்மாய்லயும் பார்சிலோனாவுலயும் ஒரே டெக்னிக்! ஜோர்டான் பண்ணினதுல எனக்குக் கொஞ்சம் நெருடல் உண்டு, கொடி என்ன துண்டா, கறையை மறைக்க? ஆனா அந்த நிலைமைக்குத் தள்ளினது யாரு? கேக்காமலே அவர் நெஞ்சை வித்தவங்கதானே.

இன்னொரு பக்கமும் இருக்கு. காசு இல்ல, மனசாட்சி. தென்னாப்பிரிக்கா டீம் சட்டையில பீர் கம்பெனி லோகோ இருந்த காலத்துல ஹாஷிம் ஆம்லா அது இல்லாத சட்டை போட்டு ஆடினார். மதம் ஒத்துக்கலன்னார், போர்டும் சரின்னுருச்சு. பீர் விக்காம போயிருச்சா? 1996 வேர்ல்டு கப்ல சச்சின் ஸ்டிக்கரே இல்லாத பேட்டோட 523 ரன் அடிச்சார். புகையிலைக்கும் மதுவுக்கும் விளம்பரம் பண்றதில்லன்னு அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு பத்தி அவரே பல தடவை சொல்லியிருக்கார். வேண்டாம்னு சொல்ற உரிமை இருந்தாத்தானே சரின்னு சொல்றதுக்கும் மரியாதை?

நம்ம பொட்டி தட்டுற பொழப்புலயும் இதே பஞ்சாயத்துதான். 2022-ல ரெண்டாவது வேலை பார்த்தாங்கன்னு விப்ரோ 300 பேரை அனுப்புச்சு. போட்டிக் கம்பெனிக்கு வேலை பார்த்தா தப்புதான், ஒத்துக்கிறேன். ஆனா அந்த விதி நான் சேரும்போதே என் ஆஃபர் லெட்டர்ல இருக்கணும். நான் சேர்ந்து மூணு வருஷம் கழிச்சு, என் மேனேஜர் வேற ஒரு கிளையன்ட்கிட்ட "என் பசங்க வீட்ல இந்த பிராண்ட் டிவிதான் பார்ப்பாங்க"ன்னு எழுதிக் கொடுத்துட்டு வந்தா? 2002-ல நடந்தது அதான்.

வழி ஒண்ணும் கம்ப சூத்திரம் இல்ல. 2025-ல டிரீம் 11 விலகினதும் போர்டு புது டெண்டர் விட்டுச்சுல்ல, அதுல தன்னோட பழைய ஸ்பான்சருங்க மனசு நோகக்கூடாதுன்னு பேங்க், இன்சூரன்ஸ், குளிர்பானக் கம்பெனிங்க எல்லாம் வராதீங்கன்னு முன்கூட்டியே எழுதியிருந்தாங்க. தன் ஸ்பான்சருக்கு இவ்வளவு அக்கறை. அதே பேப்பர்ல இன்னும் ஒரு பக்கம் சேர்த்து, ஆட்டக்காரங்களுக்கு ஏற்கெனவே என்னென்ன ஒப்பந்தம் இருக்கு, எந்த வருஷம் வரைக்கும்னு ஒரு பட்டியல் போடலாம். பார்த்துட்டு வர்றவன் வரட்டும், விலையைக் குறைச்சுக் கேக்குறவன் கேக்கட்டும். அப்பல்லோ ஒப்பந்தம் 2028 மார்ச் வரைக்கும். அடுத்த டெண்டருக்குள்ள அந்தப் பக்கத்தை டைப் அடிக்க நேரம் தாராளமா இருக்கு.