மல்யுத்த மேடையில் ஒரு தொழிற்சங்கக் கேள்வி

டிசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை காலை. விக்கிரமசிங்கபுரத்தில் சித்தப்பா வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, ஜான் சீனாவின் கடைசிப் போட்டியைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். வாஷிங்டனில் அப்போது சனிக்கிழமை இரவு. ஆஸ்திரியாவைச் சேர்ந்த குந்தரின் கழுத்துப்பிடியில் சிக்கிய சீனா, சற்று நேரம் திணறிவிட்டுக் கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். "ஒருபோதும் விட்டுக்கொடுக்காதே" என்ற வாசகத்தைச் சட்டையிலும் துண்டிலும் அச்சிட்டு இருபது ஆண்டுகளாக விற்ற மனிதர் அவர். அரங்கம் கொதித்தது. மில்லில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற சித்தப்பா, என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஏல, இவனுக்கு பி.எஃப். எல்லாம் உண்டா?"

இல்லை என்றேன். "அப்போ எதுக்குல இம்புட்டு அடி வாங்குதான்?" என்று கேட்டுவிட்டு அவர் காபி குடிக்கப் போய்விட்டார்.

சீனாவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. அவருக்கு ஹாலிவுட் இருக்கிறது. ஆனால் ஏறத்தாழ முப்பது ஆண்டுகளாக இந்த மல்யுத்தக் காட்சிகளைப் பார்த்து வரும் ரசிகனான நான், இப்படியொரு கேள்வியை ஒருமுறையேனும் கேட்டதுண்டா என்று யோசித்தேன். கேட்டதில்லை.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் கேபிள் டிவி எங்கள் தெருவுக்கு வந்தபோது, அண்டர்டேக்கரும் ஸ்டோன் கோல்டும் ராக்கும் அதனுடனேயே வந்தார்கள். மில் சங்கு ஊதி, ஷிப்ட் முடிந்த ஆண்கள் சைக்கிளில் திரும்பும் நேரத்தில், எங்களில் ஒருவன் மற்றொருவனைத் தூக்கி மணலில் போட்டுக்கொண்டிருப்பான். பள்ளிப் பையில் சீட்டுக்கட்டு இருக்கும். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு வீரரின் படம். கீழே தரவரிசை, உயரம், எடை, மார்பளவு, புஜத்தின் சுற்றளவு, மோதிய போட்டிகள், வென்றவை. அந்த எண்களை வாய்ப்பாட்டைவிட நன்றாக மனப்பாடம் செய்திருந்தோம். மனித உடலைப் பற்றிய எல்லா அளவும் அதில் இருந்தது; கூலி மட்டும் இல்லை. மில் தொழிலாளரின் பிள்ளைகளான எங்களுக்கும் அது குறையாகத் தோன்றவில்லை.

இந்தக் காட்சிகளைப் பற்றிப் பேசினாலே எழும் கேள்வி வேறு: "அதெல்லாம் பொய்ச் சண்டைதானே?" முடிவு முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகிறது என்பது உண்மை. ஆனால் எங்கள் பக்கத்துக் கோயில் கொடையில் வில்லுப்பாட்டுக் கேட்கும் எவரும், சுடலைமாடன் கதையின் முடிவு தெரிந்துவிட்டதே என்று எழுந்து போவதில்லை. தெரிந்த முடிவை இன்றைக்கு எப்படிக் கொண்டுவந்து சேர்க்கிறார்கள் என்பதில்தான் சுவை. 2014-இல் ரெஸ்ல்மேனியாவில் 21 வெற்றிகளுடன் தோல்வியே அறியாதிருந்த அண்டர்டேக்கர், பிராக் லெஸ்னரிடம் வீழ்ந்தபோது அந்த அரங்கில் விழுந்த மௌனம், எழுதிவைத்த முடிவுக்கும் எத்தனை வலிமை உண்டு என்பதைக் காட்டியது. சீனாவின் தோல்வியையும் அப்படித்தான் மதிப்பிடுவேன். விடைபெறுபவர் தோற்றுத் தன் பெயரை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டுப் போவது இந்தத் தொழிலின் பழைய மரபு. தட்டி ஒப்புக்கொள்ள வைத்தது கொடுமை என்கிறார்கள் சக ரசிகர்கள். எனக்கு அதுவே சரியெனப் பட்டது. வேறு எப்படித் தோற்றிருந்தாலும் குந்தருக்குக் கிடைத்திருப்பது பாதிதான்.

முடிவுதான் எழுதிவைத்தது, விழும் உயரம் அப்படியன்று. 1998 ஜூன் 28 அன்று பிட்ஸ்பர்க்கில் மிக் ஃபோலியை அண்டர்டேக்கர் இரும்புக் கூண்டின் உச்சியிலிருந்து தூக்கி எறிந்தார். சுமார் 16 அடி. மேசையை உடைத்துக்கொண்டு விழுந்தவர் மறுபடி ஏறினார். இம்முறை கூண்டின் கூரை பிய்ந்து உள்ளே விழுந்தார். அடுத்த ஆண்டு மே 23 அன்று கான்சஸ் சிட்டியில், அரங்கின் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கவேண்டிய ஓவன் ஹார்ட், இணைப்பு விடுபட்டு, ஏறத்தாழ 78 அடி உயரத்திலிருந்து விழுந்து இறந்தார். வயது 34. அவரை எடுத்துச் சென்ற பிறகு நிகழ்ச்சி தொடர்ந்து நடந்தது. குடும்பம் தொடுத்த வழக்கு சுமார் 1.8 கோடி டாலர் இழப்பீட்டில் முடிந்தது. தறியோட்டத்தில் ஒரு தொழிலாளி இறந்தால் மற்ற தறிகள் நிற்கும். அன்று எந்தத் தறியும் நிற்கவில்லை.

இங்கே சட்டத்தைச் சற்று உற்றுப் பார்க்க வேண்டும். விளையாட்டுப் போட்டிகளை மேற்பார்வையிடும் அரசு ஆணையங்களின் கட்டுப்பாட்டிலிருந்தும் கட்டணத்திலிருந்தும் விடுபடுவதற்காக, 1989-இல் நியூ ஜெர்சி மாநில மேலவையில் வின்ஸ் மக்மானின் நிறுவனம் தாங்கள் நடத்துவது போட்டியன்று, கேளிக்கை என்று ஒப்புக்கொண்டது. எத்தனையோ ஆண்டு கட்டிக் காத்த ரகசியத்தைச் செலவு மிச்சப்படுத்துவதற்காக அவர்களே உடைத்தார்கள். சரி, கேளிக்கை என்றால் அதில் பங்கேற்பவர்கள் நடிகர்கள். அமெரிக்காவில் திரை நடிகர்களுக்கும் சண்டைக் கலைஞர்களுக்கும் வலுவான சங்கம் இருக்கிறது. விளையாட்டு என்றால் கூடைப்பந்துக்கும் அமெரிக்கக் கால்பந்துக்கும் இருப்பதுபோல வீரர்கள் சங்கம் இருந்திருக்கும். மல்யுத்த வீரர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிட்டார்கள். அரசிடம் அவர்கள் விளையாட்டு வீரர்கள் அல்லர். சங்கம் என்று வரும்போது நடிகர்களும் அல்லர். ஒப்பந்தத்தின்படி அவர்கள் 'சுயேச்சை ஒப்பந்ததாரர்கள்'.

அந்தச் சுயேச்சை எத்தகையது? வேறு நிறுவனத்தின் மேடையில் ஏற முடியாது. எந்த ஊரில், எந்த இரவில், யாரிடம் தோற்கவேண்டும் என்பதை நிறுவனம் சொல்லும். பல சமயம் மேடைப் பெயர்கூட நிறுவனத்தின் சொத்து. ஊர் ஊராகச் செல்லும்போது வாடகைக் காரையும் தங்குமிடத்தையும் தாங்களே பார்த்துக்கொள்வதும், மருத்துவக் காப்பீட்டைத் தாங்களே எடுத்துக்கொள்வதும் நெடுநாள் வழக்கம். தொழிலாளிக்குரிய கட்டுப்பாடு அத்தனையும் உண்டு. தொழிலாளிக்குரிய பாதுகாப்பில் பெரும்பகுதி இல்லை.

சங்கம் அமைக்க யாரும் முயலவில்லை என்று சொல்ல முடியாது. 1986-இல், இரண்டாவது ரெஸ்ல்மேனியாவுக்குச் சற்று முன், ஜெசி வென்சுரா உடைமாற்றும் அறையில் சக வீரர்களிடம் சங்கம் தொடங்கும் யோசனையைச் சொன்னார். இத்தனை பேர் விளம்பரத்தில் இருக்கும் இந்த நேரத்தில் நாம் ஒன்றாக நின்றால் முதலாளி இறங்கிவந்தே ஆகவேண்டும் என்பது அவர் கணக்கு. செய்தி உடனே மக்மானின் காதுக்குப் போனது. வென்சுராவைத் தொலைபேசியில் அழைத்துக் கண்டித்தார். சொன்னவர் யார் என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகே தெரிந்தது. ஒளிநாடாக்களில் தன் வருணனையைப் பயன்படுத்தியதற்குப் பங்கு கேட்டு வென்சுரா தொடுத்த வழக்கில், மக்மான் சத்தியப் பிரமாணத்தின் பேரில் அந்தப் பெயரைச் சொன்னார்: ஹல்க் ஹோகன். அந்த வழக்கில் 1994-இல் வென்சுராவுக்கு எட்டு லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. பின்னாளில் அவர் மின்னசோட்டா மாநில ஆளுநரும் ஆனார். சங்கம் மட்டும் வரவில்லை.

2025 ஜூலை 24 அன்று ஹோகன் இறந்தபோது நம் செய்தித்தளங்கள் அவரது மீசையையும், சட்டையைக் கிழிக்கும் பாணியையும், அவர் வென்ற பட்டங்களையும் எழுதின. ஆறு மாதங்களுக்கு முன்பு, ஜனவரி 6 அன்று, நெட்ஃபிளிக்ஸில் 'ரா' தொடங்கிய முதல் இரவில் லாஸ் ஏஞ்சலஸ் ரசிகர்கள் அவரை ஊளையிட்டு வரவேற்றதையும் சிலர் நினைவூட்டினார்கள். அவரது இனவெறிப் பேச்சு அதற்கு முக்கியக் காரணம். 1986-இன் கதை பெரும்பாலான அஞ்சலிகளில் ஓரமாகக் கிடந்தது. என் பார்வையில் அவரது வாழ்க்கையிலேயே மற்றவர்களை மிக அதிகமாகப் பாதித்த செயல் அதுதான். அவர் எதற்காகச் சொல்லியிருப்பார் என்று ஊகிப்பதும் கடினமன்று. அன்று அந்த அறையில் மிக அதிகம் சம்பாதித்தவர் அவர். எல்லோருக்குமான ஒரு பங்கு வந்தால், குறையக்கூடிய முதல் பங்கு அவருடையது.

இதை எழுதும்போது என் ஊர் குறுக்கே வருகிறது. பாபநாசம் அருவியின் நீர்விசையை நம்பி 1880-களில் ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய பஞ்சாலைதான் விக்கிரமசிங்கபுரத்தை ஊராக வளர்த்தது. அதே ஹார்வி நிறுவனத்தின் நிர்வாகத்தில் இருந்த தூத்துக்குடி கோரல் மில்லில்தான் 1908 பிப்ரவரி இறுதியில் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளர்களை வேலைநிறுத்தத்துக்குத் திரட்டினார்கள். ஊதிய உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன. அதற்கு அடுத்த சில நாட்களில் இருவரும் சிறைக்குப் போனார்கள். வ.உ.சி. கப்பல் நிறுவனம் நடத்தியவர். மில் கூலி உயர்வதால் அவருக்குக் கிடைக்கக்கூடியது எதுவும் இல்லை. ஹோகனை அவரோடு ஒப்பிடுவது அபத்தம் என்று தெரியும். ஆனாலும் மேலே இருப்பவர் ஒருவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதைப் பொறுத்துக் கீழே இருப்பவர்களின் பல பத்தாண்டுகள் மாறிவிடுகின்றன.

நிறுவனத்தின் தரப்பையும் சொல்லவேண்டும். மேடையில் ஏற்படும் காயத்துக்கான சிகிச்சைச் செலவை நிறுவனம் ஏற்கிறது. போதைப் பழக்கத்தில் சிக்கிய முன்னாள் வீரர்களுக்கு மறுவாழ்வுச் சிகிச்சை அளிக்கிறது. நாற்காலியால் தலையில் அடிப்பது 2010-இல் நிறுத்தப்பட்டது. 2019-இல் போட்டி நிறுவனமான ஏ.இ.டபிள்யூ. வந்த பிறகு வீரர்களின் பேரம்பேசும் வலு ஓரளவு கூடியிருக்கிறது. இவை உண்மையான முன்னேற்றங்கள். ஆனால் இவை எல்லாமே கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தவை. 2020 ஏப்ரலில், தொற்றுக் காலத்தின் நடுவே, ஒரே நாளில் பலர் வெளியேற்றப்பட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில், இணையத்தில் சொந்தமாகச் சம்பாதிப்பதற்கு விதித்த தடை தொடர்பான பிணக்கின்போது, ஜெலினா வேகா "தொழிற்சங்கத்தை ஆதரிக்கிறேன்" என்று பதிவிட்டார். அவரது ஒப்பந்தம் முடிக்கப்பட்டதாக நிறுவனம் அறிவித்ததும் அதே நாளில்தான். அடுத்த ஆண்டு அவர் அங்கேயே திரும்பி வந்தார். வேறு எங்கே போவார்?

நெட்ஃபிளிக்ஸ் ஒப்பந்தத்தின் மதிப்பு பத்தாண்டுகளுக்கு ஐந்நூறு கோடி டாலர். 2023-இல் யு.எஃப்.சி.யுடன் இணைந்து டி.கே.ஓ. என்ற பெருங்குழுமம் உருவாயிற்று. யு.எஃப்.சி. வீரர்களும் ஒப்பந்ததாரர்களே. ஆனால் அவர்களில் ஒரு பகுதியினர் ஊதியத்தை நிறுவனம் செயற்கையாக அமுக்கிவைத்ததாக வழக்குத் தொடுத்து, 37.5 கோடி டாலர் இழப்பீட்டைப் பெற்றார்கள்; 2025 பிப்ரவரியில் நீதிமன்றம் அதற்கு இறுதி ஒப்புதல் அளித்தது. ஒரே குழுமத்தின் இன்னொரு மேடையில் நடந்தது இது.

இந்திய ரசிகருக்கு இதில் தனிக் கசப்பு ஒன்று உண்டு. 2007 ஜூலையில் கிரேட் காளி உலகப் பட்டம் வென்றபோது துள்ளினோம். 2017 மே மாதம் ஜிந்தர் மகால் ராண்டி ஆர்ட்டனை வென்று பட்டத்தைக் கைப்பற்றினார்; இந்தியச் சந்தையைக் குறிவைத்த ஏற்பாடு அது என்று எல்லோருக்கும் தெரியும், இருந்தும் மகிழ்ந்தோம். டிசம்பரில் நிறுவனம் டெல்லிக்கு வந்தது. அதற்கு ஒரு மாதம் முன்பே ஜிந்தரிடமிருந்து பட்டம் பறிக்கப்பட்டிருந்தது. டெல்லி மேடையில் அவரை வென்றவர் டிரிபிள் எச், அதாவது முதலாளியின் மருமகன். இன்றைக்கும் அந்த இரவை மன்னிக்க என்னால் முடியவில்லை. 2024 ஏப்ரலில் ஜிந்தரும், அவருடன் வலம்வந்த வீர், சாங்கா என்ற இரு இந்தியர்களும் ஒரே நாளில் விடுவிக்கப்பட்டார்கள். நாம் சந்தை, அவர்கள் சரக்கு.

நம் ஊரில் இதற்கு நெருக்கமான தொழில் எது என்றால், திரைப்படச் சண்டைக் கலைஞர்களின் தொழில்தான். ஹோகன் இறப்பதற்குப் பதினொரு நாட்கள் முன்பு, ஜூலை 13 அன்று, நாகை மாவட்டத்தில் நடந்த ஒரு படப்பிடிப்பில் கார் கவிழும் காட்சியில் சண்டைக் கலைஞர் ஒருவர் உயிரிழந்தார். அங்கே சங்கம் இருந்தும் உயிர் போனது என்பது உண்மைதான். இருந்தாலும் பாதுகாப்பு ஏற்பாடு என்ன, காப்பீடு என்ன என்று தயாரிப்பாளர்களிடம் எழுந்து நின்று கேட்பதற்குப் பெப்சியின் குடையின்கீழ் ஓர் அமைப்பாவது உண்டு.

'சுயேச்சை ஒப்பந்ததாரர்' என்ற சொல் அமெரிக்க மல்யுத்தத்தோடு நின்றிருந்தால் இவ்வளவு நீட்டி எழுதியிருக்கமாட்டேன். உணவும் பொருளும் கொண்டுவரும் இளைஞர்களை நிறுவனங்கள் இங்கே 'பார்ட்னர்' என்று அழைக்கின்றன. அவர்களுக்காகத் தமிழ்நாடு அரசு 2023 டிசம்பரில் ஒரு நலவாரியம் அமைத்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, அவர்களை ஒரு தனி வகையினராகப் பெயர் சொல்லி ஏற்கிறது. ஆயினும் அவர்களைத் தொழிலாளி என்று அது சொல்லவில்லை. மில் வாசலில் சங்கத்தின் கொடிக்கம்பத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளில் சிலர் இன்று வண்டியில் பை மாட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். கீழே விழுந்தால் யாரிடம் போவது என்று அவர்களில் ஒருவரிடம் கேட்டேன். செயலியில் ஒரு பொத்தான் இருக்கிறது என்றார்.

அடுத்த ரெஸ்ல்மேனியா வரை என் நெட்ஃபிளிக்ஸ் சந்தா இருக்கிறது, பார்ப்பேன். குந்தர் யாரிடம் தோற்கவேண்டும் என்பது பற்றி எனக்கு உறுதியான கருத்தும் இருக்கிறது. பள்ளிக்காலச் சீட்டுக்கட்டில் நாற்பதுக்கும் மேற்பட்ட சீட்டுகள் இன்னும் சித்தப்பா வீட்டுத் தகரப்பெட்டியில் கிடக்கின்றன. ஓவன் ஹார்ட்டின் சீட்டு அதில் ஒன்று. உயரம், எடை, மார்பளவு, மோதிய போட்டிகள் எல்லாம் அதில் சரியாகவே அச்சாகியிருக்கின்றன.