சித்தப்பா கேட்ட ‘கெத்தும்’!

போன ஞாயித்துக்கிழமை மதியம். மூலக்குளம் வீட்டுல கறிக்குழம்பு சாப்பிட்டுட்டு, மறுநாள் இன்டர்னல் டெஸ்ட்டை எப்படி மறக்கலாம்னு மல்லாந்து படுத்து யோசிச்சிட்டு இருந்தேன். சித்தப்பா பக்கத்துல வந்து உட்கார்ந்தார். குரலை இறக்கினார்.

“தம்பி... நீ இன்ஜினீயரிங் படிக்கிற புள்ள. நெட்டுல ஒரு பொருள் ஆர்டர் போட்டுத் தர்றியா? ஆயாவுக்குத் தெரிய வேணாம்.”

போனை நீட்டினார். பொடி அடைச்ச பாக்கெட்டுகள், ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேர். சிவப்பு நரம்பு... வலிக்கும் தூக்கத்துக்கும். வெள்ளை நரம்பு... சுறுசுறுப்புக்கு. பச்சை நரம்பு... ரெண்டுக்கும் நடுவுல. அப்புறம் பாலி, போர்னியோ, மேங் டா. ஏதோ ஐஸ்க்ரீம் கடை போர்டு மாதிரி இருந்துச்சு!

“அங்க ப்ளாஸ்டிக் பையில தண்ணியா கட்டித் தருவாங்க. அதுல நெறமெல்லாம் கெடையாது. இதுல எது நம்மளுதுன்னு பார்த்துச் சொல்லு.”

சித்தப்பா ஆறு வருஷம் மலேசியாவுல இருந்தவர். கெடா மாநிலத்துல சுங்கை பட்டாணி, அங்க ஒரு சாப்பாட்டுக் கடை. காலையில நின்னா ராத்திரிதான் உட்காரணும். இடுப்பு விட்டுப்போச்சு. கூட வேலை பார்த்தவர் ஒரு நாள் பச்சையா, கசப்பா ஒரு தண்ணி குடுத்திருக்கார். பேரு ‘கெத்தும்’. (பேரே கெத்தா இருக்குல்ல?) வலி போச்சு, வேலை ஓடுச்சு. முதல்ல ராத்திரி ஒரு பை. அப்புறம் காலையிலயும்.

மூணு மாசத்துக்கு முன்னாடி ஊருக்கு வந்தார். வந்த மறுநாளே மூக்கு ஒழுகல், கண்ணுல தண்ணி, கால் குடைச்சல், ராத்திரி பூரா கொட்டக் கொட்ட முழிச்சுட்டு இருந்தார். “தண்ணி மாறினது ஒத்துக்கல”ன்னு ஆயா நிலவேம்புக் கஷாயம் வெச்சுக் குடுத்தாங்க. நாங்களும் நம்பிட்டோம். அவர் அந்த இலையை நிறுத்தினதோட விளைவு அதுன்னு எங்களுக்கு இப்பத்தான் தெரியுது.

ஆர்டர் போடலை. பதிலா நாலு நாள் உட்கார்ந்து படிச்சேன். டெஸ்ட்டுக்குக்கூட அவ்வளவு படிச்சதில்லை, சத்தியமா!

மேட்டருக்கு வருவோம். உலகம் பூரா ‘க்ராடம்’னு சொல்றதும் மலாய்க்காரங்க ‘கெத்தும்’னு சொல்றதும் ஒரே மரம். தாவரவியல் பேரு மிட்ராகைனா ஸ்பெஸியோசா. காபி குடும்பம்! காபி, சின்கோனா, நம்ம கடம்பு, வீட்டு வாசல்ல பூக்குற இட்லிப்பூ எல்லாம் இதுக்குச் சொந்தக்காரங்க. தமிழ்நாட்டுல நீர்க்கடம்புன்னு ஒரு மரம் இருக்கே, அது இன்னும் நெருக்கம்... அதே மிட்ராகைனா இனம். உடனே இலை பறிக்கக் கிளம்பிடாதீங்க பாஸ், குடும்பம்தான் ஒண்ணு, சரக்கு வேற.

இந்த இலையோட கதையில நம்ம ஆளுங்க வாசம் ஆரம்பத்துல இருந்தே அடிக்குது. 1897-ல இது அபின் பழக்கத்தை விட உதவும்னு எழுதி வெச்சவர், சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்து ஹென்றி ரிட்லி. யாருன்னு பார்த்தா, “ரப்பர் போடுங்க, ரப்பர் போடுங்க”ன்னு மலாயா தோட்டக்காரங்களை நச்சரிச்சு, பாக்கெட்டுல ரப்பர் விதையோட சுத்தின அதே ரிட்லி. அந்த ரப்பருக்குத்தானே நம்ம ஜனங்க கப்பல் ஏறினது! பத்து வருஷம் கழிச்சு, 1907-ல, இதை வேதியியல் முறையில ஆராய்ஞ்சவர் ஹூப்பர். அவர் அதுக்கு முன்னாடி நம்ம ஊட்டியில சின்கோனாப் பட்டையை வெச்சு குவினைன் ஆராய்ச்சி பண்ணினவர். 1921-ல எல்லன் ஃபீல்ட்ங்கிறவங்க இலையோட முக்கிய ஆல்கலாய்டைப் பிரிச்சு ‘மிட்ராகைனின்’னு பேரு வெச்சாங்க.

இப்ப சித்தப்பாவோட கேள்வி. சிவப்பா, பச்சையா, வெள்ளையா?

தாய்லாந்து கிராமத்து ஆளுங்க இலை நரம்பைப் பார்த்து வகை பிரிக்கிறது நிஜம்தான். சிவப்பு நரம்பு, பச்சை நரம்பு, ஓரத்துல பல்லு மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கிறதுன்னு அவங்களுக்கு ஒரு கணக்கு இருக்கு. ஆனா ஒரே மரத்துலயே இலையோட வயசையும் வெயிலையும் பொறுத்து நரம்போட நிறம் மாறும். சரி, பறிச்சுக் காய வெச்சுப் பொடி பண்ணின பிறகு நரம்பு எங்க இருக்கு? நிழல்ல காய்ச்சியா, வெயில்ல காய்ச்சியா, மூட்டையில கட்டிப் புளிக்க வெச்சாங்களாங்கிறதுலதான் பொடியோட நிறம் வருது. ஒரே டீத்தூள் இலை க்ரீன் டீயாவும் ப்ளாக் டீயாவும் ஆகுதே, அந்த மாதிரி. ‘சிவப்பு தூங்க வைக்கும், வெள்ளை எழுப்பி விடும்’ங்கிறது பாக்கெட் போடுறவங்க எழுதின வசனம். கொஞ்சமா எடுத்தா சுறுசுறுப்பு, அதிகமா எடுத்தா மந்தம்னு அளவை வெச்சு மாறுறதைத்தான் ஆராய்ச்சிக்காரங்க திரும்பத் திரும்பச் சொல்றாங்க.

‘மேங் டா’ன்னா ஏதோ மந்திரி பேருன்னு நெனச்சேன். தாய் மொழியில அது தண்ணியில வாழுற ஒரு பெரிய பூச்சி. கொச்சையில ‘மாமா’ வேலை பார்க்குறவனுக்கும் அதே பேரு. அதைத்தான் ‘உயர் ரகம்’னு விக்கிறாங்க!

நிஜமான வித்தியாசம் ஊரை வெச்சு இருக்கு. ஜப்பான்ல சிபா பல்கலைக்கழகத்துல சோதிச்சப்ப, தாய்லாந்து இலையோட மொத்த ஆல்கலாய்டுல மிட்ராகைனின் சுமார் 66 சதவீதம். மலேசிய இலையில 12 சதவீதம்தான்! அதாவது சுங்கை பட்டாணியில பழகின உடம்பு, எந்த ஊர்னே தெரியாத பொடியை ‘அதே ஒரு ஸ்பூன்’னு நெனச்சு முழுங்கினா, அளவு எங்க போய் நிக்கும்னு யாருக்கும் தெரியாது. இந்த இடத்துல எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு.

சரி, வலிக்கு வேலை செய்யுதா இல்லையா? செய்யுது. இதுல பொய் சொல்லி சித்தப்பாவை ஏமாத்த நான் தயாரா இல்லை. பினாங்குல மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துல போதைப்பொருள் ஆராய்ச்சிக்குன்னே ஒரு மையம் இருக்கு. விக்னசிங்கம் தலைமையில அங்க பண்ணின ஆய்வு 2020-ல வெளியாச்சு. ஏற்கெனவே கெத்தும் குடிக்கிற 26 ஆம்பளைங்களை ஐஸ் தண்ணியில கையை விட வெச்சாங்க. குடிக்கிறதுக்கு முன்னாடி சராசரியா 11 நொடி தாங்கினவங்க, குடிச்சு ஒரு மணி நேரம் கழிச்சு கிட்டத்தட்ட 25 நொடி தாங்கினாங்க. (ஆளுக்கு ஆள் வித்தியாசம் பயங்கரம். லேப்ல இப்படி ஒரு ரீடிங் எடுத்துட்டுப் போனா எங்க சார் ரெக்கார்டைத் தூக்கி அடிப்பார்.)

அதே மையத்துக்காரங்க 2014-ல வெளியிட்ட இன்னொரு ஆய்வும் இருக்கு. தொடர்ந்து குடிக்கிற 293 பேரைக் கேட்டாங்க. ஆறு மாசத்துக்கு மேல குடிச்சவங்கள்ல பாதிக்கு மேல கடுமையா அடிமையாகி இருந்தாங்க. நிறுத்தினா என்ன ஆகும்னு ஒரு பட்டியல்... தசை வலி, தூக்கமின்மை, மூக்கும் கண்ணும் ஒழுகுறது, பசி இல்லாமப் போறது. படிக்கும்போதே எங்க வீட்டுக் கூடத்துப் பாய்ல சித்தப்பா புரண்டுக்கிட்டு இருந்தது கண்ணு முன்னாடி வந்துச்சு. காரணம் ரொம்ப சிம்பிள். அபினும் மார்ஃபினும் போய் உட்காருற அதே ஏற்பியிலதான் மிட்ராகைனினும் போய் உட்காருது.

இதைச் சொன்னப்ப சித்தப்பாவுக்குக் கோபம்.

“மூலிகைதானேடா! இலை! எவனும் ஃபேக்டரியில பண்ணல.”

“அபின் மட்டும் என்ன சித்தப்பா, கசகசாச் செடிதான?”

கொஞ்ச நேரம் பேசலை.

அவருக்குத் தெரியாத இன்னொண்ணும் சொன்னேன். மலேசியாவுல 2003-லயே இதை 1952-ம் வருஷத்து விஷச் சட்டத்துக்குள்ள கொண்டு வந்துட்டாங்க. மாட்டியிருந்தா 10,000 ரிங்கிட் வரைக்கும் அபராதம், இல்லைன்னா நாலு வருஷம் வரைக்கும் உள்ள, ரெண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். தாய்லாந்துல 1943-ல தடை போட்டு, 2021-ல எடுத்துட்டாங்க. தடை இருந்த காலத்துலயே தெற்குப் பக்கத்துப் பசங்க இதோட கோலாவும் இருமல் மருந்தும் கலந்து ‘4x100’னு பேரு வெச்சு அடிச்சுட்டுத்தான் இருந்தாங்க. அமெரிக்காவுல 2018-ல க்ராடம் பொடியில சால்மோனெல்லா கிருமி கலந்து 41 மாநிலத்துல 199 பேர் படுத்தாங்க. பொடியை எவன் எங்க காய வெச்சான், பக்கத்துல கோழி மேய்ஞ்சுச்சான்னு பாக்கெட் சொல்லுமா? இப்ப இலையில துளியூண்டு இருக்குற 7-ஹைட்ராக்ஸி மிட்ராகைனினை மட்டும் அடர்த்தியாக்கி மாத்திரையா விக்கிறாங்க. 2025 ஜூலையில அமெரிக்க மருந்துத் துறை அதைக் கட்டுப்பாட்டுக்குள்ள கொண்டு வரச் சொல்லிப் பரிந்துரை பண்ணியிருக்கு.

எல்லாத்தையும் கேட்டுட்டு சித்தப்பா ஒரே கேள்விதான் கேட்டார்.

“அந்த ஐஸ் தண்ணி... இருபத்தஞ்சு செகண்டுதானா?”

“ஆமா சித்தப்பா.”

“நான் பதினாலு மணி நேரம் நின்னேன்டா.”

என்கிட்ட பதில் இல்லை.

ஆயாகிட்ட நேத்து அவரே சொல்லிட்டார். ஆயா திட்டும்னு பார்த்தா, “அப்ப நான் குடுத்த கஷாயம் தண்டமா?”ன்னு மட்டும் கேட்டுச்சு. வியாழக்கிழமை லீவு போட்டு ஆஸ்பத்திரிக்கு அழைச்சுட்டுப் போறேன். இடுப்புக்கு ஒரு டாக்டர், இதுக்கு ஒரு டாக்டர், ரெண்டு ஓ.பி சீட்டு எடுக்கணும். பஸ் வேணாமாம், என் பைக்லயே வர்றாராம். ரெட்டியார்பாளையம் ஸ்பீட் பிரேக்கருக்கெல்லாம் முன்கூட்டியே சொல்லணும்னு கண்டிஷன்.